பள்ளிக்குப் பணம் கேட்கப் போகிறவர்களுக்கு

பக்கத்துத் தொழிற்சாலை மேலாளரிடம் போய், “எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள் சார்” என்று கேட்டால் அவர் பத்து பெஞ்சு வாங்கித் தருவார். அல்லது சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடித்துக் கொடுத்து, அதில் தன் நிறுவனத்தின் சின்னத்தை வரைந்துவிட்டுப் போவார். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வராதது அப்படியே இருக்கும். மேலாளர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ‘ஏதாவது’ என்று கேட்டவருக்கு ஏதோ ஒன்று கிடைத்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் புதிதாகத் தலைமையாசிரியர் ஆனவர், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்த பெற்றோர், படித்த பள்ளிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்பியிருக்கும் முன்னாள் மாணவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடை வைக்கப் போகிறவர் வங்கிக்குப் போகும்போது எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எப்போது முடியும், யார் பொறுப்பு என்று எழுதி எடுத்துக்கொண்டுதான் போகிறார். பள்ளிக்காகக் கேட்கும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு உருக்கமாகப் பேசத் தொடங்குகிறோம். உருக்கத்துக்கு ஒருமுறை பணம் கிடைக்கலாம். மறுமுறை அதே வாசலில் ஏற வேண்டுமென்றால் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

முதல் வேலை: தேவையை எழுதுவது

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆவது பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 22-ஆவது பிரிவு, அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆக, நிதி திரட்டத் தேவையான அமைப்பு உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சங்கம் பதிவு செய்யத் தேவையில்லை.

ஆனால் அந்த வளர்ச்சித் திட்டத்தைப் பல பள்ளிகளில் போன ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். இடைவேளை நேரத்தில் குழுவிலுள்ள தாய்மார் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வளாகத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்தக் குழாயில் வரிசை நிற்கிறது, எந்த வகுப்பில் மழை ஒழுகுகிறது, எந்தக் கழிப்பறைக்குள் பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அலுவலக அறையில் உட்கார்ந்து யோசித்தால் ‘ஸ்மார்ட் போர்டு’ என்றுதான் தோன்றும்.

பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை எழுதுங்கள். பொருளாக இருந்தால் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். கட்டட வேலையாக இருந்தால் கொத்தனார் சொல்லும் கணக்கு போதாது. கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியென்றால் ஒன்றியப் பொறியாளரிடமும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியென்றால் பொதுப்பணித் துறைப் பொறியாளரிடமும் மதிப்பீடு கேளுங்கள். இதற்கு அலைய வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் ஒருவரே அலைவதைவிட, வார்டு உறுப்பினர் அல்லது குழுத் தலைவர் சேர்ந்து போனால் வேலை வேகமாக நடக்கும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். கொடையாளர் கட்டிக்கொடுத்தாலும் சரி, ஊர்கூடிக் கட்டினாலும் சரி, பொறியாளர் கையெழுத்து இல்லாத கட்டடத்துக்குள் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

தொகை எழுதி முடித்ததும் பட்டியல் தானாகவே பிரியும். சில ஆயிரங்களில் முடிகிறவை, சில லட்சங்களில் முடிகிறவை, அதற்கு மேலானவை. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவுகள் வேறு. 15 லட்ச ரூபாய் வகுப்பறைக்காக முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் வசூல் செய்துகொண்டிருப்பதும், ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் ஒரே தவறுதான்.

அரசுப் பணத்தை முதலில் எடுங்கள்

வெளியே கை நீட்டுவதற்கு முன், பள்ளிக்கு உரிமையாக வர வேண்டியது முழுவதும் வந்ததா, வந்தது செலவானதா என்று பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது திட்ட விதி. இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். 180 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய். அதில் 5,000 ரூபாய் துடைப்பம், பினாயில், குழாய் பழுது என்று போக வேண்டும்.

இந்தப் பணம் பழைய காலம்போல உங்கள் வங்கிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. 2021 முதல் ஒற்றை முகமை முறை வந்துவிட்டது. உங்களுக்குச் செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். கடைக்காரர் கணக்குக்குப் பணம் நேரே போகும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு கையை விட்டுப் போய்விடும். பிப்ரவரி கடைசியில் அடித்துப் பிடித்துக்கொண்டு கண்டதை வாங்கும் பள்ளிகள் இதனால்தான் உருவாகின்றன. விலைப்புள்ளிகளை முன்பே வாங்கி வைத்திருப்பவருக்கு அந்தப் பதற்றம் கிடையாது.

மானியம் எல்லா ஆண்டும் நேரத்துக்கு வரும் என்றும் நம்பிவிட முடியாது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பணம் போடுகின்றன. 2024-25-இல் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தம், தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான தகராறில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, ஒரே ஊற்றை நம்பியிருக்கும் பள்ளி எவ்வளவு எளிதில் வறண்டுபோகும் என்பதைத் தலைமையாசிரியர்கள் அந்த ஆண்டில் பார்த்துவிட்டார்கள்.

லட்சங்களில் முடியும் வேலைகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. தொகுதி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை பள்ளி, எத்தனை சாலை, எத்தனை நிழற்குடை என்று எண்ணிப் பாருங்கள். இந்த நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானது. வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை கேட்கலாம். சம்பளமோ சில்லறைச் செலவோ கேட்கக் கூடாது. மனுவோடு பொறியாளர் மதிப்பீட்டையும் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் இணைத்துக் கொடுங்கள். வெறும் மனு வந்தால் அது ‘நடவடிக்கைக்காக’ என்று வேறு அலுவலகத்துக்குப் பயணம் போகும். மதிப்பீட்டோடு வந்தால் அந்த அலுவலகத்திலிருந்தே தொடங்கலாம்.

ஊர்ப் பணத்தைப் பெருக்கித் தருகிற ஒரு வழியும் இருக்கிறது. 1990-களின் இறுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் பழைய பெயருக்கே திரும்பிய நமக்கு நாமே திட்டம் அது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதியென்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். 9 லட்ச ரூபாய் கழிப்பறைக் கட்டடத்துக்கு ஊர் 3 லட்சம் திரட்டினால் 6 லட்சம் அரசிடமிருந்து வருகிறது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். முன்னாள் மாணவர்கள் ஒரு லட்சம் திரட்டி அதை அப்படியே வண்ணம் அடிக்கச் செலவழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். அந்த ஒரு லட்சத்துக்கு மூன்று லட்ச ரூபாய் வேலை நடந்திருக்கும்.

புதிய வகுப்பறைகள் போன்ற பெரிய வேலைகளுக்குத் துறையின் சொந்தத் திட்டங்கள் உண்டு. ஐந்தாண்டுத் திட்டமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அவற்றில் பெரியது. இவற்றில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளியைப் பற்றிய விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. இடிக்க வேண்டிய கட்டடத்தை ‘நல்ல நிலை’ என்று யாரோ பதிந்து வைத்திருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் பள்ளி வராது.

நிறுவனங்களிடம் போவது

நிறுவனச் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவுதான் இங்கே அடித்தளம். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இம்மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். கல்வி அந்தப் பணிகளின் அட்டவணையில் இருக்கிறது.

புதியவர்கள் முதல் இரண்டு அளவுகளைப் பார்த்துவிட்டு, சென்னையிலுள்ள பெரிய பெயர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு நாள்தோறும் இப்படி எத்தனையோ கடிதம் வரும். நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது அளவு. ஐந்து கோடி லாபம் என்றால் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர், கோவையின் பம்ப்செட் தயாரிப்பாளர், கரூரின் வீட்டுத் துணி நிறுவனம், சிவகாசியின் அச்சகம் எல்லாம் வரக்கூடும். அவர்களுக்கென்று தனித் துறையோ அதிகாரியோ இருக்காது. கணக்காளரோ முதலாளியின் மகளோ இதைக் கவனித்துக்கொண்டிருப்பார். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் செலவழித்தாக வேண்டும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருப்பார்கள். உங்களைப் போன்ற ஒருவர் சரியான தாளோடு வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. ஒன்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்தத் தொழில் பார்ட்னர்ஷிப்பாக நடந்தால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அவர் மனமிருந்து கொடுத்தால்தான் உண்டு.

நிறுவனம் தன் இணையதளத்தில் சமூகப் பொறுப்புக் கொள்கையையும் ஏற்றுக்கொண்ட பணிகளையும் வெளியிட வேண்டும் என்பது விதி. போவதற்கு முன் அதைப் படியுங்கள். அவர்கள் மூன்றாண்டாக மருத்துவ முகாம் மட்டுமே நடத்திவருகிறார்கள் என்றால், பள்ளிக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கேட்பது வகுப்பறை கேட்பதைவிடப் பலன் தரும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

காலமும் முக்கியம். நிறுவனத்தின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை திட்டமிடுவார்கள். அப்போது போனால் பெரிய வேலையைப் பேசலாம். ஜனவரியில் போனால் மீந்திருக்கும் தொகையை மார்ச்சுக்குள் எப்படிச் செலவழிப்பது என்ற கவலையில் இருப்பார்கள். அப்போது ஆறு வாரத்தில் முடிகிற வேலையைக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சமூகப் பொறுப்புப் பணத்தைத் தலைமையாசிரியர் பெயரில் காசோலையாக வாங்க முடியாது. வழிகள் மூன்று. நிறுவனமே வேலையைச் செய்து பள்ளியிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். நிறுவன விவகார அமைச்சகத்தில் பதிவு எண் பெற்ற அறக்கட்டளை ஒன்றின் மூலம் செய்யலாம். அல்லது 2022 டிசம்பர் 19 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் இணையதளம் மூலம் குறிப்பிட்ட பள்ளிக்கென்று கொடுக்கலாம். டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவராகவும் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் அமைந்த திட்டம் இது. இணையதளத்தில் உங்கள் பள்ளியின் தேவை பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கொடையாளர் 33 என்று தொடங்கும் உங்கள் 11 இலக்கப் பள்ளி எண்ணைத் தட்டும்போது பக்கம் வெறுமையாக இருந்தால் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்.

அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கதை வேறு. அவற்றை நடத்துவது அறக்கட்டளையோ சங்கமோ என்பதால் வருமான வரிப் பதிவும் நிறுவன விவகாரப் பதிவும் அந்த நிர்வாகமே பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ‘எதிர்காலத் தூண்கள்’, ‘கல்விக்கண் திறந்த’ போன்ற சொற்களை அடித்துவிட்டால் பாதி இடம் மிச்சமாகும். கற்பனையாக ஒரு நடுநிலைப் பள்ளியை வைத்து இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“உங்கள் தொழிற்சாலையிலிருந்து 4 கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் பள்ளியில் 182 பேர் படிக்கிறார்கள், 94 பேர் பெண் பிள்ளைகள். அவர்களுக்குரிய கழிப்பறைகளுக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. குடத்தில் எடுத்துப் போகிறார்கள். 1,000 லிட்டர் தொட்டி, மோட்டார், குழாய் வேலை, இரண்டு கதவு ஆகியவற்றுக்கு வாங்கிய மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைவானது 68,400 ரூபாய். இதில் 18,400 ரூபாயைப் பள்ளி மானியத்திலிருந்து தருகிறோம். உங்களிடம் கேட்பது 50,000 ரூபாய். அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் வேலை முடியும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஆகும் சுமார் 6,000 ரூபாயைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கிறது. தொகையை நீங்கள் கடைக்கே நேரடியாகச் செலுத்தலாம். மேலாண்மைக் குழுத் தீர்மானமும் விலைப்புள்ளிகளும் புகைப்படங்களும் இணைப்பில் உள்ளன.”

இதில் மூன்று வரிகள்தான் வேலை செய்கின்றன. பள்ளியின் சொந்தப் பங்கு எவ்வளவு என்ற வரி, பராமரிப்பை யார் பார்ப்பார்கள் என்ற வரி, பணத்தை எங்கள் கையில் தர வேண்டியதில்லை என்ற வரி. கடைசி வரியைப் படித்ததும் எதிரில் இருப்பவரின் முகத்திலுள்ள இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம். ஏமாந்த அனுபவம் இல்லாத கொடையாளர் நம் ஊரில் குறைவு.

சுருக்கமாக எழுதினாலும் நேரில்தான் கொடுக்க வேண்டும். ஒரு பெற்றோர், ஒரு ஆசிரியர், ஒரு முன்னாள் மாணவர் என்று மூன்று பேர் போதும். ஊரே திரண்டு போனால் அது கோரிக்கைப் பேரணி ஆகிவிடும். புகைப்படத்துக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். பிள்ளையை முன்னிறுத்தித்தான் கேட்க முடியும் என்றால் அந்தக் கடிதம் சரியாக எழுதப்படவில்லை.

ஊரும் முன்னாள் மாணவர்களும்

ஊர்ப் பணத்தில் பள்ளி வளர்ந்த வரலாறு நமக்குப் புதிதில்லை. காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போதும் பல கிராமங்களில் கல்விச் சீர் நடக்கிறது. மேளதாளத்தோடு தாம்பாளம் ஏந்திப் பள்ளிக்குச் சீர் கொண்டு வருகிறார்கள். கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஒரு திருத்தம் மட்டும் செய்தால் இது நல்ல நிதி முறையாகவே ஆகிவிடும்: சீருக்கு ஒரு மாதம் முன்பே தேவைப் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். யார் எதைத் தருகிறார்கள் என்று அதிலேயே பெயர் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் எட்டுச் சுவர்க் கடிகாரங்கள் வரும். அந்தப் பட்டியலைக் கிராம சபையிலும் படிக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும்.

மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில் ஆயி அம்மாள் என்கிற பூரணம் 2024 ஜனவரியில் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகும் நிலம். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த இடம் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்குத்தான் நிலம் போயிற்று. இவ்வளவு பெரிய கொடையும்கூட ‘ஏதாவது’ என்பதாக இல்லாமல் ஒரு குறிப்பிட்ட தேவைக்கு வந்ததைக் கவனியுங்கள்.

முன்னாள் மாணவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பணம் வாங்கும்போது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை (ஓ.சி.ஐ.) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. பதிவு பெற்ற அமைப்பு, டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற முடியும். அப்படிப் பெற்ற அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் 2020 முதல் தடை. ஆகவே கனடாக் குடிமகனாகிவிட்ட பழைய வகுப்புத் தோழர் பெருந்தன்மையோடு பள்ளிக் கணக்கு எண் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஆங்கிலமோ கணிதமோ நாலு நாள் சொல்லித் தரச் சொல்லுங்கள். அதற்கு இந்தச் சட்டம் தடையில்லை.

வருமான வரிச் சலுகை கேட்பவர்களும் உண்டு. 80ஜி என்று நாம் பழகிய சலுகை, பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ நிதியத்துக்கோ கொடுத்தால்தான் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கும் கிடையாது. மேலாண்மைக் குழு ரசீது ஒன்றைக் காட்டி வரிச் சலுகை உண்டு என்று ஆசை காட்டாதீர்கள்.

கணக்கு

ஒரு ரூபாய் வருவதற்கு முன்பே ஐந்து நோட்டுகளை வாங்கி வைத்துவிடுங்கள்: தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், ரசீதுப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கோப்பு, இருப்புப் பதிவேடு. கணினியில் வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் கேட்பது கையெழுத்துப் போட்ட தாளை.

வங்கிக் கணக்கு மேலாண்மைக் குழுத் தலைவரும் தலைமையாசிரியரும் கூட்டாக இயக்குவதாக இருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி ‘ஸ்கேன்’ அட்டையைக் குழுவில் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. நூறு ரூபாயாக இருந்தாலும் வேண்டாம். அந்த ஆசிரியர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒருநாள் அவர் வீட்டில் புது வண்டி வாங்கும்போது ஊர் பேசும்.

பணமாக வந்தால் ரசீது, பொருளாக வந்தால் இருப்புப் பதிவேட்டில் பதிவு. பழைய பள்ளிகளில் மின்விசிறி காணாமல் போனால் யாருக்கும் தெரியாததற்குக் காரணம் அது வந்ததே யாருக்கும் தெரியாததுதான். கொடையாளர் பெயர், தேதி, மதிப்பு, எந்த அறையில் இருக்கிறது என்று நான்கும் இருக்கட்டும். பொருளின்மேல் எண் எழுதுங்கள்.

மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் வரவு செலவை வாசியுங்கள். பிறகு அதையே பள்ளி வாசலில் ஒட்டுங்கள். நான் பார்த்தவரை, ஒட்டப்பட்ட கணக்கைப் போல நிதி கொண்டுவருகிற விளம்பரம் வேறில்லை. பால்காரர் படிப்பார், பஸ்ஸுக்கு நிற்கிறவர் படிப்பார். “தொட்டிக்கு இன்னும் 3,200 குறைகிறதாமே” என்று யாராவது ஒருவர் உள்ளே வருவார்.

வேலை முடிந்ததும் கொடையாளருக்குப் பயனீட்டுச் சான்றிதழோடு ஒரு கடிதம் போக வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்கள், பற்றுச்சீட்டு நகல்கள், மீதம் இருந்தால் அது எவ்வளவு, என்ன செய்வதாக உத்தேசம் என்ற வரி. ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம், எதுவும் கேட்காமல்: மோட்டார் ஓடுகிறது, ஒரு கதவுத் தாழ்ப்பாள் கழன்றது, நாங்களே மாற்றிவிட்டோம். அந்தத் தாழ்ப்பாள் வரிக்காகவே அடுத்த ஆண்டு உங்கள் கடிதத்தை அவர் முதலில் பிரிப்பார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

எல்லாப் பணமும் நல்ல பணம் ஆகாது. சாதிப் பெயரோடு கல்வெட்டு வைத்தால்தான் தருவேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பள்ளிகளில் சாதி அடையாளங்களைக் களைவது பற்றி ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு 2024-இல் அரசுக்கு அறிக்கையே கொடுத்திருக்கிறார். நாம் புதிதாக ஒன்றைச் சுவரில் பதிக்க வேண்டாம். தேர்தல் அறிவித்த பிறகு வரும் திடீர் வள்ளல்களுக்கு, “தேர்தல் முடியட்டும் ஐயா” என்பதே போதுமான பதில். பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் கைப்பேசி எண் கேட்கும் தனிப்பயிற்சி நிறுவனங்களின் ‘இலவச’ மடிக்கணினியையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன்.

இன்னொரு வகை, பராமரிக்க முடியாத பரிசு. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தருவார்கள். வடிகட்டி மாற்றும் காலம் வந்ததும் அது மூலையில் அமர்ந்துவிடும். ஒப்புக்கொள்ளும்போதே மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பத்து இயந்திரம் வேண்டாம், பராமரிப்போடு ஆறு போதும் என்று சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

தலைமையாசிரியர் மாறும்போது

இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் நல்ல தலைமையாசிரியர் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவரோடு கொடையாளர் தொடர்பும் போய்விடுவதுதான் பல பள்ளிகளில் நடக்கிறது. ஆகவே கொடையாளர் கோப்பு என்று ஒன்றைத் தனியாக வைத்து, அதன் நகல் மேலாண்மைக் குழுத் தலைவர் வசம் இருக்கும்படி செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை: யாரிடம் எப்போது என்ன கேட்டோம், மறுத்தவர் சொன்ன காரணம், கொடுத்தவருக்கு அனுப்பிய கடைசிக் கடிதம், நடுவில் நிற்கும் வேலைகள், காலாவதியாகாத விலைப்புள்ளிகள், பராமரிப்பு ஒப்பந்தங்கள் முடியும் தேதி. புதியவர் பொறுப்பேற்ற வாரத்திலேயே வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மானத்தையும் நிறைவேற்றிவிடுங்கள். அது தாமதமானால் ஜூன் மாதத்தில், பள்ளி திறந்து எல்லாச் செலவும் ஒன்றாக வரும் நேரத்தில், கணக்கில் பணம் இருந்தும் ஒரு சுண்ணக்கட்டிப் பெட்டிகூட வாங்க முடியாது.